தண்ணியோட போற உப்பு

விடியக்காலையில 13-0-45 கரைச்சுப் பார்த்திருக்கீங்களா? தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும். பட்டணத்துல இருந்து படிக்கிற உங்களுக்காகச் சொல்றேன். அது ஒரு வெள்ளை உப்பு, 25 கிலோ மூட்டையில வரும். பேரு பொட்டாசியம் நைட்ரேட். தக்காளி காய் பிடிக்கிற பருவத்துல சொட்டுநீர்க் குழாய் வழியா விடுவோம். ஒரு வாளித் தண்ணியில ரெண்டு கிலோ கொட்டிக் கையாலேயே கலக்கினா (உறை போட்டுக்கணும்னு மூட்டையிலேயே எழுதியிருக்கு, யார் கேட்கிறோம்), கொஞ்ச நேரத்துல விரல் விறைச்சுப் போகும். வாளியோட வெளிப்பக்கம் வேர்க்கும். ஐஸ் போடலை, ஒண்ணும் பண்ணலை. உப்பு கரையறதுலயே தண்ணி குளுந்து போகுது.

முதல் தடவை நான் இதை வாங்கிட்டு வந்தப்போ எங்க அப்பாரு இருந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில வச்சுப் பார்த்துட்டு, "அடேய், இது வெடியுப்புடா" அப்படின்னார். கோயில் நோம்பிக்கு வேட்டுப் போடுறவங்க கூடச் சின்ன வயசுல சுத்தினவர் அவர். வெடியுப்பு நாக்குல பட்டா கரிப்போட ஒரு குளிர்ச்சி வரும், அதுதான் அடையாளம்னு சொன்னார். எனக்கு அப்போ அது விளையாட்டாத் தெரிஞ்சது. அந்த உப்பைப் பத்தி ஒழுங்கா விசாரிக்க வேண்டிய நிலைமை பல வருஷம் கழிச்சு எங்க கிணத்தால வந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன்.

அப்பாரு சொன்ன அந்தக் குளிர்ச்சியை ஒரு பாதுஷா பெரிய அளவுல பயன்படுத்தியிருக்கார். அக்பர் அரண்மனையில வெடியுப்பை வச்சுத்தான் குடிதண்ணியைக் குளிர வச்சாங்கன்னு அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில எழுதி வச்சிருக்கார். பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்தி வெடியுப்பைப் போடுவாங்க. குடிக்கிற தண்ணியை வேற ஒரு குடுவையில ஊத்தி, வாயை மூடி, அந்த உப்புத் தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் ஆட்டுவாங்க. உள்ள இருக்கிறது குளுந்துடும். துப்பாக்கிக்குள்ள நெருப்பு கக்குற அதே பொருள் தண்ணிக்குள்ள குளிர்ச்சி குடுக்குதேன்னு அவரும் ஆச்சரியப்பட்டிருக்கார். 1586-க்குப் பிறகு ராஜசபை லாகூர்ப் பக்கம் போனதும் மலைப்பனி கிடைக்க ஆரம்பிச்சது.

காரணம் எளிமையானது. உப்புக் கல்லுல பொட்டாசியமும் நைட்ரேட்டும் ஒண்ணை ஒண்ணு இறுக்கமாப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. கரையணும்னா அந்தப் பிடி விடணும். அதுக்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணிகிட்ட இருந்தே உறிஞ்சிக்குது. எரியறப்போ நடக்கிறது வேற. கரியும் கந்தகமும் பக்கத்துல இருந்து, காய்ஞ்ச நிலையில தீ பட்டா, நைட்ரேட் தன்கிட்ட இருக்கிற ஆக்சிஜனை விட்டுக் குடுக்கும். காத்து இல்லாத குழாய்க்குள்ளயும் தீ பத்துறது அதனாலதான். தண்ணியில நீர்த்துக் கிடக்கிறப்போ அது பரம சாது. யாரோடயும் சண்டைக்குப் போகாது. அந்தச் சாதுத்தனத்துலதான் வில்லங்கமே இருக்கு.

உப்புகளை ரெண்டா பிரிக்கலாம். தண்ணியில வண்டலாப் படிஞ்சு நிக்கிறது ஒண்ணு, கரைஞ்சு கூடவே போறது இன்னொண்ணு. சுண்ணாம்பு, ஜிப்சம், பாஸ்பேட் எல்லாம் எங்கேயாவது படியும். உங்க வீட்டு கீசர் கம்பியில வெள்ளையா ஏறுதே, அந்த மாதிரி. நைட்ரேட் அப்படி இல்லை. சோடியத்தோட சேர்ந்தாலும் சரி, பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் யாரோட சேர்ந்தாலும் சரி, கரைஞ்சுடும். மழை பெய்யற ஊர்ல அதைத் தேக்கி வைக்க முடியாது. அதனால இந்த உப்போட சரித்திரம் பூராவும், தண்ணி அதைக் கொண்டு போறதுக்குள்ள மனுசன் எப்படிப் பிடிச்சான்ங்கிற கதைதான்.

பிடிச்சவங்கள்ல பெரிய கெட்டிக்காரங்க பீகார்ல இருந்த நோனியா சாதிக்காரங்க. நோன்னா அந்தப் பக்கம் உப்பு. சாரண், சம்பாரண், திர்ஹுத் பகுதி கிராமங்கள்ல மாடு கட்டுற இடம், பழைய மண்சுவர் ஓரம், சாணியும் மூத்திரமும் அடுப்புச் சாம்பலும் காலங்காலமா விழுந்த மண் இருக்குமில்லையா, அங்கதான் அவங்க வேலை. மழைக்காலம் முடிஞ்சு வெயில் ஏறினா, மண்ணுக்குள்ள இருக்கிற ஈரம் மேல ஏறி ஆவியாப் போகும். ஈரத்தோட வந்த உப்பு மட்டும் மேல வெள்ளையாப் பூத்து நிக்கும். அந்தப் பூப்பைச் சுரண்டி எடுப்பாங்க.

சுரண்டின மண்ணை, அடியில மூங்கில் பாய் விரிச்ச களிமண் தொட்டியில போட்டு மிதிச்சு, மேல தண்ணி விடுவாங்க. தண்ணி மெதுவா இறங்கி அடியில பழுப்பா ஒழுகும். மண்ணு அங்கேயே நின்னுடும், உப்பு தண்ணியோட வந்துடும். நம்ம வீட்டு ஃபில்டர் காப்பி இறங்கற கணக்குதான். டிகாக்ஷனை அடுப்புல வச்சுச் சுண்டக் காய்ச்சி ஆற விடணும்.

ஆற விடுறதுலதான் சூட்சுமம். மண்ணுல வெடியுப்பு மட்டுமா இருக்கும், சாப்பாட்டு உப்பும் இருக்கும். ரெண்டும் சேர்ந்துதான் கரைஞ்சு வருது. பிரிக்கிறது எப்படி? நூறு கிராம் தண்ணி எடுத்துக்கங்க. சாப்பாட்டு உப்பு பச்சைத் தண்ணியில 36 கிராம் கரையும், கொதிக்கிற தண்ணியில 39 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை. வெடியுப்பு அப்படியில்லை. உறையற குளிர்ல 13 கிராம்தான் கரையும், 20 டிகிரியில 32 கிராம், கொதிக்கிறப்போ 240 கிராமுக்கு மேல. அப்போ காய்ச்சிச் சுண்டும்போது சாப்பாட்டு உப்பு முதல்ல அடியில படியும், அதை அள்ளிடலாம். மிச்சத்தை ராத்திரி பூரா ஆற விட்டா, காலையில பாத்திரம் பூரா நீளநீளமா ஊசி மாதிரி வெடியுப்பு நிக்கும். டிகிரி அளக்கிற கருவி எதுவும் இல்லாம, கை அனுபவத்துல இந்தக் கணக்கைப் போட்டிருக்காங்க.

இன்னொரு சூட்சுமம் சாம்பல். மண்ணுல கிடைக்கிற நைட்ரேட்ல நிறைய கால்சியம் நைட்ரேட்டாத்தான் இருக்கும். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துத் தானே கசகசன்னு ஆயிடும். வெடிமருந்துக்கு ஆகாது. விறகுச் சாம்பல்ல பொட்டாசியம் கார்பனேட் இருக்கு. சாம்பல் தண்ணியைக் கலந்தா கால்சியம் சுண்ணாம்பாப் படிஞ்சுடும், தண்ணியில பொட்டாசியமும் நைட்ரேட்டும் தங்கும். சிரியாவுல 13-ஆம் நூற்றாண்டுல இருந்த ஹசன் அல்-ரம்மா இந்தச் சாம்பல் முறையை எழுதியே வச்சுட்டுப் போயிருக்கார்.

இதே வேதியியலை நான் ஒரு தடவை காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் ஒரே டிரம்முல கெட்டியாக் கரைச்சேன், ரெண்டு தடவை மோட்டார் போடுற கரண்டு மிச்சம்னு நெனச்சு. பத்தே நிமிஷத்துல டிரம் மோர் மாதிரி ஆயிடுச்சு. கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாப் படிஞ்சு, முக்கா ஏக்கருக்குச் சொட்டுவான் அத்தனையும் அடைப்பு. ஒவ்வொண்ணாக் கழட்டி ஊதினோம். இந்தக் கலாட்டாவுல நைட்ரேட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை. அது பாட்டுக்குத் தண்ணியிலேயே இருந்தது.

நோனியாக்களோட உப்பு பாட்னாவுல இருந்து கங்கையில படகு ஏறி ஹூக்ளிக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறுச்சு. டச்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் போட்டி போட்டு வாங்கினாங்க. கனமான சரக்கு, கப்பல் ஆடாம இருக்க அடியில பாரமாவும் ஆச்சு. அவங்க ஊர்ல இந்த உப்புக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. இங்கிலாந்துல ராஜா உத்தரவோட ஆளுங்க வந்து குதிரை லாயம், புறாக்கூடு, வீட்டுத் தரை எல்லாத்தையும் தோண்டினாங்க. முதலாம் சார்லஸ் 1626-ல, குடிமக்கள் மூத்திரத்தைச் சேர்த்து வைக்கணும்னே ஆணை போட்டார். பிளாசிச் சண்டை முடிஞ்ச மறுவருஷம், 1758-ல, பீகார் வெடியுப்பு பூராவும் தங்களுக்கே வேணும்னு கும்பினிக்காரங்க ஏகபோகம் வாங்கிட்டாங்க. வங்காளத்தைப் பிடிச்ச கதையில பட்டு, மஸ்லின் எல்லாம் சொல்வாங்க. மாட்டு மூத்திரம் நனைச்ச மண்ணைப் பத்தி யாரும் அவ்வளவாச் சொல்றதில்லை. அதே சமயத்துல உலகத்துல பாதியில நடந்த ஏழாண்டுப் போர்ல பிரான்ஸுக்கு இந்த உப்பு தட்டுப்பாடு, இங்கிலாந்துக்கு இல்லை.

சுரண்டினவங்களுக்கு என்ன கிடைச்சதுன்னா, முன்பணம், கடன், அப்புறம் லைசென்ஸ். வெடியுப்பு காய்ச்சறப்போ கூடவே சாப்பாட்டு உப்பு வருதுன்னு சொன்னேனே, அது மேல உப்பு இலாகா கண்ணு வச்சது. நம்ம பக்கத்துலயும் உவர்மண்ணுல இருந்து உப்புக் காய்ச்சின உப்பிலியர்கள் இருந்தாங்க. உப்பு வரிச் சட்டம் அந்தத் தொழிலையே குத்தமாக்கிடுச்சு.

மனுசன் சுரண்டாம, இயற்கையே சேத்து வச்ச இடம் ஒண்ணு இருக்கு. தென் அமெரிக்காவுல, பசிபிக் கரையோரம், அட்டகாமா பாலைவனம். அங்க இருக்கிறது சோடியம் நைட்ரேட். ஏன் அங்க மட்டும்? மழை இல்லை. அவ்வளவுதான் பதில். லட்சக்கணக்கான வருஷமா ஒழுங்கா ஒரு மழை இறங்காததால, கழுவிட்டுப் போக ஆளில்லாம உப்பு அங்கேயே கிடந்தது. நம்ம ஊர்ல ஒரு ஐப்பசி பெய்யறது அங்க பெய்ஞ்சிருந்தா, கடலோட போயிருக்கும். அந்த உப்புப் பாறையைக் கலிச்சேன்னு சொல்வாங்க. உடைச்சு, சுடுதண்ணியில கரைச்சு, ஆற வச்சு எடுத்தாங்க. நோனியா பண்ண அதே வேலை, நீராவிக் கொதிகலனோட.

1878-ல பொலிவியா, தன் மண்ணுல தோண்டின கம்பெனி மேல குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி போட்டது. அதுல ஆரம்பிச்ச தகராறு 1879-ல சண்டையா வெடிச்சது. சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் ஒரு பக்கம். 1884-ல ஓய்ஞ்சப்போ பொலிவியாவுக்குக் கடற்கரையே இல்லாமப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் இல்லை. ஜெயிச்ச சிலியில அந்த உப்பு வெட்டின தொழிலாளிங்க 1907 டிசம்பர்ல கூலி கேட்டு இக்கிகே ஊருக்கு இறங்கி வந்து, சாந்தா மரியா பள்ளிக்கூடத்துல தங்கினாங்க. 21-ஆம் தேதி ராணுவம் சுட்டது. செத்தவங்க எண்ணிக்கை இத்தனைன்னு இன்னும் ஒத்துக்கிட்டபாடில்லை. ஐரோப்பாவுல கோதுமைக்கும் பீட்ரூட்டுக்கும் போட்ட உரம் அங்கிருந்துதான் போச்சு.

1909-ல ஃபிரிட்ஸ் ஹேபர் காத்துல இருக்கிற நைட்ரஜனையே பிடிச்சு அம்மோனியா ஆக்கிக் காட்டினார். 1913-ல ஜெர்மனியில ஓப்பாவ் ஊர்ல தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சது. அதோட சிலியோட கொழிப்பு சரிய ஆரம்பிச்சது. இன்னைக்கு நான் போடுற யூரியா அந்த வழியில வந்ததுதான்.

யூரியா நைட்ரேட் இல்லையேன்னு கேப்பீங்க. மண்ணுல விழுந்த சில நாள்ல யூரியா அம்மோனியமா மாறும். அதுக்கப்புறம் அது நைட்ரேட் ஆகும். எப்படி ஆகுதுன்னு 1877 வரைக்கும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. பிரான்ஸ்ல ஷ்லோசிங், முன்ட்ஸ்னு ரெண்டு பேர் ஒரு குழாயில மணலையும் சுண்ணாம்பையும் நிரப்பி, மேல சாக்கடைத் தண்ணியை மெதுவா விட்டாங்க. மூணு வாரம் போல ஒண்ணும் நடக்கலை. அப்புறம் அடியில வர்ற தண்ணியில நைட்ரேட் வர ஆரம்பிச்சது. குளோரோஃபார்ம் ஆவியைக் காட்டினாங்க, நின்னு போச்சு. கொஞ்சம் நல்ல மண்ணு கழுவின தண்ணியை ஊத்தினாங்க, மறுபடி வந்தது. உசிருள்ள ஏதோ ஒண்ணு பண்ற வேலை இதுன்னு தெரிஞ்சது. நோனியாவோட மாட்டுக் கொட்டாயில வேலை பார்த்ததும் அந்தக் கிருமிதான். எங்க கட்டுத்தரையில வேலை பார்க்கிறதும் அதேதான்.

அதுக்கு முன்னாடியே, 1850-ல, இங்கிலாந்துல தாமஸ் வே மண்ணு நிரப்பின குழாய்ல விதவிதமான உரக் கரைசலை ஊத்திப் பார்த்திருந்தார். அம்மோனியத்தை மண்ணு பிடிச்சு வச்சுக்குது. நைட்ரேட்டைப் பிடிக்கவே மாட்டேங்குது. களிமண் துகளுக்கு எதிர் மின்சாரம், நைட்ரேட்டுக்கும் எதிர். ஒரே இனக் காந்த முனை மாதிரி தள்ளி விட்டுடும். அதனால பயிர் வேர் உறிஞ்சினது போக மிச்சம், அடுத்த மழையோட நேரா கீழ. சேறும் தண்ணியுமா நிக்கிற நெல்வயல்ல மட்டும் வேற மாதிரி. காத்தில்லாத சேத்துல வேற கிருமிங்க நைட்ரேட்டை உடைச்சு வாயுவா விட்டுடும். நெல்லுக்கு நைட்ரேட் உரம் வேண்டாம்னு சொல்றது இதனாலதான். எங்களுது தோட்டக்கால். நெல்லு இல்லை.

இப்போ கிணத்துக்கு வர்றேன்.

மக தலைப்பிரசவத்துக்கு வர்ற நேரம். மாப்பிள்ளை பட்டணத்துல வேலை பார்க்கிறவர், தண்ணி டெஸ்ட் பண்ணிட்டீங்களா மாமான்னு கேட்டார். எனக்குச் சுருக்குன்னு இருந்தது. மூணு தலைமுறையா குடிக்கிற கிணறு, தேங்காய்த் தண்ணி மாதிரி இருக்கும். கலங்கலும் இல்லை, வாசமும் இல்லை. இருந்தாலும் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போய் டவுன்ல லேப்ல குடுத்தேன். லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைக்கும்தான் நம்ம நாட்டுத் தரக்கட்டுப்பாடு ஒத்துக்குது. எங்களுது அதைப் போல ரெண்டரை மடங்கு.

காயிதத்தைப் பார்த்துட்டு வீட்டம்மா சொன்னது இதுதான்: "நல்லாக் கொதிக்க வச்சு ஆத்திக் குடுத்தா ஆகாதுங்களா?"

நியாயமான கேள்வி. கிருமி இருக்கிற தண்ணிக்கு அதுதான் வைத்தியம். நைட்ரேட்டுக்கு ஆகாது. அது ஆவியாப் போகாது, படியாது. தண்ணி மட்டும் சுண்டும், இருக்கிற நைட்ரேட் அத்தனையும் மிச்சத் தண்ணியில இன்னும் கெட்டியா நிக்கும். நோனியா அடுப்புல நடந்ததும் இதே சுண்டல்தானே. படிகாரம் போட்டாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. ஆர்.ஓ. மாதிரி சவ்வு வழியாத் தள்ளணும், இல்லைன்னா அயனி மாத்துற பிசின் வேணும்.

குழந்தைக்கு என்ன பண்ணும்னு 1945-ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்து டாக்டர் ஹன்டர் காம்லி எழுதினார். பண்ணை வீட்டுக் குழந்தைங்க உடம்பு நீலம் பாரிச்சு வந்தாங்க. இதயத்துல கோளாறு இல்லை. விசாரிச்சா, புட்டிப்பால் கரைச்சது வீட்டுக் கிணத்துத் தண்ணியில. பச்சைக் குழந்தை வயித்துல நைட்ரேட் நைட்ரைட்டா மாறி, ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்கிற சிவப்பணுவை முடக்கிடுது. ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கிற குழந்தைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நாமெல்லாம் குடிச்சு ஒண்ணும் ஆகலையேங்கிறது அங்க செல்லாது. தண்ணியை மாத்தின குழந்தைங்க தேறினாங்க.

கட்டுத்தரை எங்க கிணத்துல இருந்து பதினஞ்சு அடியில இருந்தது. குப்பைக்குழி அதுக்கு அடுத்தாப்பல. மாட்டுக்குத் தண்ணி காட்ட வசதின்னு அப்பாரு அங்க வச்சது. அவர் காலத்துல நாலு மாடு, யூரியா கிடையாது. என் காலத்துல பதினொண்ணு, தக்காளிக்கு மூட்டை மூட்டையா உரம். ரெண்டுல எதோட பங்கு எவ்வளவுன்னு தண்ணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கரைஞ்ச பிறகு ரெண்டும் ஒண்ணுதான்.

பேத்தி பிறந்தா. தாய்ப்பால் போதலைன்னு டாக்டர் புட்டிப்பாலும் குடுக்கச் சொன்னார். ஆறு மாசமும் அவளுக்கு வேண்டிய தண்ணியைப் பக்கத்து ஊர்ல இருந்து, ஆத்துத் திட்டத்துக் குழாய்ல பிடிச்சு வண்டியில கொண்டு வந்தோம். பக்கத்து வீட்டுல சிரிச்சாங்க. கெணறு வச்சிருக்கிறவன் குடம் தூக்குறான்னு.

கட்டுத்தரையைப் போன தை மாசம் தோட்டத்துக் கீழ்க்கோடிக்கு மாத்தியாச்சு. எருக்குழிக்கு அடியில சிமெண்ட் பூசியிருக்கேன். உரத்தை ஒரே தடவையாக் கொட்டாம, சொட்டுநீர்ல கொஞ்சங் கொஞ்சமா விடுறேன். ஏற்கனவே கீழ இறங்கினது எப்போ குறையும்னு தெரியலை. வருஷத்துக்கு ரெண்டு தடவை பாட்டில் எடுத்துட்டு லேப்புக்குப் போறேன். கடைசியாப் பார்த்தப்போ வரம்பைப் போல ரெண்டு மடங்கு.

பழைய கட்டுத்தரைச் சுவர் இன்னும் நிக்குது. சித்திரை வெயில்ல அடிப்பக்கம் வெள்ளையாப் பூத்திருந்தது. சுரண்டி நாக்கு நுனியில வச்சுப் பார்த்தேன். கரிப்பு, அப்புறம் லேசா ஜில்லுன்னு.